‘அடிக்காதே’, ‘அடி’: கரீபிய இசையும் தென்னாற்காட்டுப் பறையும்

இசை சமூகத்தின் மனப்போக்கை மாற்றுகிறதா என்று கேட்டால் ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். கேள்வி அவ்வளவு பொதுவாக இருக்கிற வரைக்கும் இரண்டு பதிலுக்கும் மதிப்பு கிடையாது. யாருடைய இசை, அதை யார் வாசிக்க வேண்டும் என்று தீர்மானித்தது யார், கேட்கிறவன் எங்கே நின்று கேட்கிறான், வாசித்து முடித்தவனுக்குச் சோறு எங்கே வைத்துப் போடுகிறார்கள் என்று பிரித்துப் போட்டுக் கேட்டால்தான் வரலாறு வாயைத் திறக்கும்.

இதை இப்போது எடுக்க ஒரு காரணம் இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் நடக்கும் கலை இரவுகளிலும் தலித் மேடைகளிலும் சில வருஷமாக ஒரு பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். கறுப்பர்களுக்கு ரெகே எப்படியோ அப்படி நமக்குப் பறை என்கிற பேச்சு. பேசுகிற தோழர் சில சமயம் பாப் மார்லி பனியனே போட்டிருப்பார். சொல்வதில் நியாயம் உண்டு. இரண்டும் ஒடுக்கப்பட்டவர்களின் ஒலி. இரண்டையும் இசை என்றே ஒத்துக்கொள்ளாமல் சத்தம், கூச்சல் என்று மேலே இருந்தவர்கள் ஒதுக்கினார்கள். ஆனால் இந்தச் சமன்பாட்டுக்குள் ஒரு பெரிய வித்தியாசம் முழுகிப் போகிறது. கரீபியத் தீவுகளில் அதிகாரம் தோல்கருவியைப் பார்த்துச் சொன்ன வார்த்தை ‘அடிக்காதே’. தென்னாற்காட்டு ஊர்களில் அதிகாரம் சொன்ன வார்த்தை ‘அடி’. தடையிலிருந்து விடுபடுவதும் கட்டாயத்திலிருந்து விடுபடுவதும் ஒரே வேலை கிடையாது. கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான வரலாறு.

1

ட்ரினிடாடிலிருந்து தொடங்குவோம். பிரிட்டிஷ் கரீபியத்தில் அடிமை முறை 1834இல் சட்டப்படி நீக்கப்பட்டது. பயிற்சிக் காலம் என்ற பெயரில் நீடித்த கட்டாய உழைப்பும் 1838இல் முடிந்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்கள், அதுவரை பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகளின் கேளிக்கையாக இருந்த கார்னிவலைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். தீப்பந்தம், நம் சிலம்பத்தை ஒத்த கம்புச் சண்டை, தோல் மேளம் எல்லாம் தெருவுக்கு வந்தன. நிர்வாகத்துக்குப் பயம் பிடித்தது. 1881 கார்னிவலில் போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருக்களில் மக்களுக்கும் போலீசுக்கும் பெரிய மோதல் நடந்தது. 1884இல் அமைதிக் காப்புச் சட்டம் வந்து மேளத்தையும் பந்தத்தையும் கம்போடு கூடும் கூட்டத்தையும் ஒடுக்கியது.

அதே 1884 அக்டோபர் 30 அன்று சான் ஃபெர்னாண்டோவில், தடையை மீறி மொகரம் ஊர்வலம் போன இந்தியக் கூலித் தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டது. குறைந்தது 16 பேர் செத்தார்கள். முஸ்லிம்களின் விழா என்றாலும் அந்த ஊர்வலத்தில் இந்துக்கள் இருந்தார்கள், ஆப்பிரிக்கர்களும் இருந்தார்கள். அதற்கும் முன்னால் போனது மேளம்தான், தாசா மேளம். ஆப்பிரிக்கன் மேளமானாலும் இந்தியக் கூலியின் மேளமானாலும் ஆட்சிக்கு அது கூட்டம் கூட்டுகிற கருவி. அதனால் ஆபத்து.

தடை என்ன செய்தது? தோல் போய் மூங்கில் வந்தது. வேறு வேறு நீளத்துக்கு வெட்டிய மூங்கிலைத் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். 1930களில் மூங்கிலோடு பிஸ்கட் டின்னும் பெயிண்ட் டப்பாவும் சேர்ந்தன. 1940களில் எண்ணெய்ப் பீப்பாயின் தலைப்பக்கத்தைக் குழித்து, சுத்தியலால் தட்டித் தட்டிச் சுரம் பிரித்தார்கள். ஸ்டீல்பேன் பிறந்தது. எண்ணெய்க் கிணறு இருக்கிற தீவில் பீப்பாய்க்கா பஞ்சம்! பஞ்சம் மரியாதைக்குத்தான். பேன் அடிக்கிற பையன் என்றால் ரவுடி என்று அர்த்தம். கௌரவமான குடும்பங்கள் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை.

1951இல் டாஸ்போ என்ற குழு லண்டனில் ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டனில் வாசித்தது. வெள்ளைக்காரன் கைதட்டியதும் உள்ளூர்க் காதும் கொஞ்சம் திறந்தது. மத்தியதர வகுப்புப் பையன்களும் குழு கட்டினார்கள். 1963இல் பனோரமா என்னும் தேசியப் போட்டி வந்தது. 1992 ஆகஸ்டில் பிரதமர் பேட்ரிக் மேனிங் ஸ்டீல்பேனை தேசிய இசைக்கருவி என்று அறிவித்தார். 1884இலிருந்து எண்ணினால் 108 வருஷம்.

சமூக மனப்போக்கு மாறியதற்கு இது நல்ல உதாரணம்தான். ஆனால் பாதிதான் உதாரணம். கம்பெனிகள் குழுக்களைத் தத்தெடுத்தபோது குழுவின் பெயருக்கு முன்னால் கம்பெனியின் பெயர் வந்து உட்கார்ந்தது. பேனை வளர்த்தெடுத்த லாவென்டில் மேட்டுக் குடியிருப்போ ஏழ்மையிலும் கெட்ட பெயரிலும் அப்படியே கிடந்தது. கருவிக்கு வந்த மரியாதை கருவி பிறந்த தெருவுக்கு வரவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம். நம் ஊருக்கு வரும்போது தேவைப்படும்.

2

கரீபியப் பாட்டு சமூகத்தை எங்கே தொட்டது, எங்கே தொடவில்லை என்பதைப் பார்க்க 1978ஆம் ஆண்டு வசதியானது.

அந்த ஆண்டு ட்ரினிடாடின் கலிப்சோ போட்டியில் கலிப்சோ ரோஸ் ஜெயித்தார். அதுவரை அந்தப் பட்டத்துக்குக் ‘கலிப்சோ அரசன்’ என்று பெயர். ஒரு பெண் ஜெயித்துவிட்டதால் பெயரையே மாற்ற வேண்டி வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான ‘மோனார்க்’ வந்தது. பெண்ணைக் கேலிப்பொருளாக வைத்தே வளர்ந்த ஒரு பாட்டு வடிவம், ஒரு பெண்ணின் குரலுக்காகத் தன் பட்டத்தின் பாலைத் திருத்திக்கொண்டது.

அதே ஆண்டு ஏப்ரல் 22 அன்று ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பாப் மார்லி, ஒருவரையொருவர் ஒழிக்க நின்ற இரண்டு கட்சித் தலைவர்களை, மைக்கேல் மேன்லியையும் எட்வர்ட் சியாகாவையும், மேடைக்குக் கூப்பிட்டு இருவர் கைகளையும் தன் தலைக்கு மேலே சேர்த்துப் பிடித்தார். உலகம் பார்த்துப் பார்த்துத் தேய்ந்த படம் அது. அந்தக் கைகள் சேர்ந்து இரண்டு ஆண்டில் வந்த 1980 தேர்தலில் எண்ணூறு பேர் அளவுக்குக் கொல்லப்பட்டார்கள். ரெகே கொலையை நிறுத்தவில்லை. ஆனால் வேறொன்றைச் செய்தது. 1963இல் கோரல் கார்டன்ஸ் சம்பவத்தை ஒட்டி ஜமைக்கா அரசு ராஸ்தாஃபாரிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்து அடைத்தது. அடித்தார்கள், சடையை அறுத்தார்கள். கடவுள் கறுப்பு, ஆப்பிரிக்கா தாய்வீடு என்று சொன்ன அந்தச் சேரி மதத்தைப் பைத்தியக்காரக் கூட்டம் என்று ஊர் சிரித்தது. 2017இல் அதே நாட்டின் பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னஸ் அதற்காக மன்னிப்புக் கேட்டார். ராஸ்தாஃபாரிகளின் இடைவிடாத போராட்டம் அதற்குக் காரணம். ராஸ்தாஃபாரி என்ற சொல்லை உலகமே மரியாதையோடு உச்சரிக்கும்படி ரெகே ஏற்கெனவே செய்திருந்ததும் காரணம்.

இங்கே 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு 1978 என்றால் அதுதான். கடைத்தெருவில் ஒரு பெண்ணைச் சீண்டியதைத் தட்டிக் கேட்டதில் தொடங்கியது, குடிசைகளைக் கொளுத்துவதில் போய் நின்றது.

அதே ஆண்டில் போனி எம் என்ற குழுவின் ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ உலகமெங்கும் ஓடியது. ஜெர்மனியில் கட்டிய டிஸ்கோ குழு. அதன் நான்கு முகங்களும் கரீபியத் தீவுகளில் பிறந்தவை. 1970இல் ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு பாடிய ராஸ்தாஃபாரிப் பாட்டு அது. ராஸ்தாஃபாரிகளுக்கு பாபிலோன் என்றால் தங்களை அடைத்து வைத்திருக்கிற இந்த முழு ஏற்பாடு: போலீஸ், பள்ளிக்கூடம், சர்க்கார் எல்லாம். டிஸ்கோவுக்கு வந்தபோது ராஸ்தாஃபாரிச் சொற்களை எடுத்துவிட்டு சாதாரண வேதாகமச் சொற்களைப் போட்டார்கள். எண்பதுகளில் நம் ஊர் கேசட் கடைகளுக்கு வந்து சேர்ந்தது இந்தச் சுத்திகரித்த சரக்குதான். திண்டிவனம் பக்கத்துத் தலித் கிறித்துவர்கள் அதில் சங்கீதம் 137ஐ அடையாளம் கண்டிருக்கலாம். பாபிலோன் என்பது தங்கள் ஊருக்கும் பெயராக இருக்க முடியும் என்று அந்த கேசட் சொல்லவில்லை. விழுப்புரத்தின் 1978ஐயும் கிங்ஸ்டனின் 1978ஐயும் சேர்த்துக் கேட்கக்கூடிய ஒரு காது அன்று நம்மிடம் இல்லை. தாளம் கடல் தாண்டும். அதன் அரசியல் தானாகத் தாண்டாது.

3

தாளம் கடல் தாண்டிய வேறொரு கதை இதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முந்தையது. அது நம்மூரிலிருந்து அங்கே போனது.

விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் புதுச்சேரி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 1853இல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கூலி ஏற்றுமதி தொடங்கியது. 1861 ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் பகுதி ஆட்களையும் பிரெஞ்சுக்காரர்கள் சட்டப்படி எடுக்க முடிந்தது. 1880களின் கடைசிவரை மார்த்தினீக்குக்கு 25,000க்கும் மேல், குவாதலூப்புக்கு 42,000க்கும் மேல் போனார்கள். பெரும்பகுதி தமிழர்கள். பிரிட்டிஷ் கயானாவுக்குச் சென்னையிலிருந்து போனவர்கள் தனி. குவாதலூப் இந்தியர்களுக்குக் குடியுரிமை கேட்டு 1904இலிருந்து 1923வரை வழக்காடி ஜெயித்தவரின் பெயர் ஆன்றி சிதம்பரம். பெயரே எந்த மண் என்று சொல்லும்.

போனவர்கள் மாரியம்மனைக் கொண்டுபோனார்கள். இரவு முழுக்க வேஷம் கட்டி ஆடும் நாடகத்தைக் கொண்டுபோனார்கள். குவாதலூப்பில் அதன் பெயர் ‘நாத்ரோன்’. மத்தளம் ‘மத்தலோன்’ ஆனது. தப்பு அங்கேயும் தப்புதான்: மார்த்தினீக்கிலும் குவாதலூப்பிலும் ‘தப்பு’, கயானாவின் காளியம்மன் பூசைகளிலும் ‘தப்பு’. வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஆட்டுத் தோல், இரண்டு குச்சி, நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றுவது எல்லாம் அப்படியே இருக்கின்றன.

மாறியது ஒன்றே ஒன்று, ஆனால் அதுதான் எல்லாம். கரும்புத் தோட்டத்தில் எல்லோரும் ஒரே வரிசைக் கொட்டகையில் கிடந்து ஒரே வெட்டரிவாளைப் பிடித்தார்கள். இன்ன குடியில் பிறந்தவன் இன்ன சாவுக்கு அடித்தே தீர வேண்டும் என்று சொல்வதற்கு அங்கே ஊர் இல்லை, கிராமணியும் இல்லை. கட்டாயம் உதிர்ந்தது. தப்பு சாவு வாசலிலிருந்து சாமி வாசலுக்குப் போனது. கற்றுக்கொண்டவன் அடித்தான். அதற்காக இழிவு முழுசாக ஒழிந்துவிடவில்லை. ‘மதராசிப் பூசை’ என்றும் பேய்க் கும்பிடு என்றும் வட இந்திய வழி வந்த இந்துக்களும் கிறித்துவர்களும் அதை முகம் சுளித்துப் பார்த்தார்கள். ஆனால் அந்த இழிவு ஒரு வழிபாட்டின் மேல் விழுந்தது. ‘நீ அடிக்கப் பிறந்தவன்’ என்று ஒரு குழந்தையின் பிறப்பின் மேல் விழவில்லை.

அந்தத் தீவுகளில் ஆப்பிரிக்கரின் மேளத்துக்கும் இதே போல ஒரு சரித்திரம் உண்டு. குவாதலூப்பின் குவோகா மேளத்தைப் படித்தவர்கள் தாழ்வாக மதித்தார்கள். எழுபதுகளில் சுதந்திர இயக்கத்தார் அதைக் கையில் எடுத்தார்கள். 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 1979இல் உருவான கஸாவ் குழு ‘ஸூக்’ இசையில் கிரியோல் மொழியைப் பாடிப் பரப்பியது. பள்ளியில் பேசினால் அடி வாங்கித் தந்த பேச்சுமொழியை பாரிஸ் அரங்குகளில் கேட்டு ஆடினார்கள். பேச்சுத் தமிழில் எழுதினாலே முகம் சுளிக்கிற புலவர் மரபில் எம்.ஏ. படித்தவன் என்ற முறையில் இதன் அர்த்தம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

4

இனி நம் ஊர். இங்கே பறை தடை செய்யப்பட்ட கருவி கிடையாது. தேவைப்பட்ட கருவி. சாவுக்கு வேண்டும், அம்மன் திருவிழாவுக்கு வேண்டும், அரசாங்கத் தண்டோராவுக்கு வேண்டும். ஊர் இயங்க அது வேண்டும், அடிப்பவன் மட்டும் ஊருக்குள் வேண்டாம். இந்த முரணைத்தான் சாதி என்கிறோம். அறுப்புக் களத்தில் அளக்கும் கொஞ்சம் நெல், சாவன்று சாராயம், பாடைக்கு முன்னால் ஆடுகிறவனுக்குத் தரையில் வீசுகிற காசு. குனிந்துதான் எடுக்க வேண்டும். “மோளத்துக்குக் கூப்புடுவாங்க, பந்திக்குக் கூப்புட மாட்டாங்க” என்பதை எந்தச் சேரியிலும் கேட்கலாம்.

ஆகவே இங்கே முதல் விடுதலைக் குரல் ‘அடிக்க மாட்டோம்’ என்பதாகத்தான் இருக்க முடியும். அப்படித்தான் இருந்தது. தமிழகம் முழுக்க தலித் எழுச்சி வந்த இடங்களில் இளைஞர்கள் முதலில் செய்தது சாவு மோளத்தை நிறுத்தியது. சில இடங்களில் கருவியையே கொளுத்தினார்கள். கரீபியத்தில் மேளத்தை உடைத்தவன் போலீஸ்காரன். இங்கே உடைத்தவன் மேளக்காரனின் மகன். வெளியிலிருந்து பார்க்கும் நாட்டார் கலை ஆர்வலருக்கு இரண்டும் கலை அழிப்பாகத் தெரியும். ஒன்று ஒடுக்குமுறை, மற்றது விடுதலை.

இந்தப் பிளவு பறைக்கு மட்டும் வந்ததல்ல. பெயருக்கும் வந்தது. திண்டிவனத்துக்கு வடக்கே மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். எந்தச் சொல்லால் அடிக்கிறாயோ அதையே கொடியாகப் பிடிக்கிறேன் என்பது அவர் நிலை. அவருடைய உறவினரான அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரே எதிரி சூட்டியது என்று மறுத்தார். 1907இல் தொடங்கிய தன் பத்திரிகைக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர் வைத்தார். ஏற்றுத் திருப்புவதா, மறுத்து வெளியேறுவதா? பறையைச் சுற்றி நாம் இன்று போடும் சண்டை அவர்கள் போட்டதுதான். புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியன், பாணன், கடம்பனோடு பறையனையும் குடியாக எண்ணுகிறது என்று மேடையில் சொல்லிப் பெருமைப்படுவதும் இந்த ஏற்றுத் திருப்பும் வேலையின் ஒரு பகுதிதான். வேண்டியதே. ஆனால் இரண்டாயிரம் வருஷத்துப் பெருமை நாளைக்குக் காலையில் வீட்டு வாசலில் வந்து “சாவு விழுந்துடுச்சி, வாடா” என்று கூப்பிடுகிறவனுக்குப் பதில் சொல்லாது.

2022 ஆகஸ்டில் தமிழக அரசு தண்டோராவைத் தடை செய்தது. அறிவிப்புக்கு ஒலிபெருக்கி கட்டிய வண்டி போதும், மீறி ஆளை வைத்துத் தண்டோரா போட்டால் நடவடிக்கை என்று அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு ஆட்சியர்களுக்கு எழுதினார். 1884 ட்ரினிடாட் சட்டமும் மேளத்தை நிறுத்தியது, 2022 ஆணையும் மேளத்தை நிறுத்தியது. முதலாவது ஒரு மக்களின் வாயை அடைத்தது. இரண்டாவது ஒரு மக்களின் கழுத்திலிருந்து சுமையை இறக்கியது. தடை என்றாலே ஒடுக்குமுறை என்று ரெகேயின் சரித்திரத்தை மட்டும் படித்தவன் இங்கே தடுக்கி விழுவான்.

ஆனால் சாவு மோளத்துக்கு இப்படி ஓர் ஆணை இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் பிணம் சுமக்கவும் குழி வெட்டவும் கட்டாயப்படுத்துவதைப் பெயர் சொல்லிக் குற்றமாக்கியது. பறை அடிக்கக் கட்டாயப்படுத்துவதை அப்படிப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. கட்டாய உழைப்பு என்ற பொதுச் சொல்லுக்குள் அதை வாதாடித்தான் நுழைக்க வேண்டும். வழக்குப் போட காவல் நிலையம் போகிறவனுக்கு இந்த வித்தியாசம் சின்னது கிடையாது.

5

கரீபியத்தின் இன்னொரு சரடு சமீபத்தில் நம் பறையை நேரடியாகவே வந்து தொட்டது. கிங்ஸ்டனில் பிறந்து நியூயார்க்குக்குக் குடிபோன கூல் ஹெர்க் 1973 ஆகஸ்டில் பிராங்க்ஸ் பகுதியில் ஜமைக்கா பாணிப் பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி நடத்திய விருந்தைத்தான் ஹிப் ஹாப்பின் தொடக்கம் என்பார்கள். தாளத்தின் மேல் பேசுவது, தெருவுக்கே ஸ்பீக்கர் கட்டுவது எல்லாம் ஜமைக்காவின் சொத்து. அந்த வழியில் வந்த ராப்பும் சென்னையின் கானாவும் பறையும் சட்டியும் ஒரே மேடையில் சேர்ந்தது 2018 ஜனவரி 6 அன்று, சென்னை கீழ்ப்பாக்கத்தில். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு. இட ஒதுக்கீடு, ஆணவக் கொலை, மாட்டுக்கறி என்று தமிழ்ச் சினிமாப் பாட்டு தொடாத சொற்களைப் பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அரக்கோணத்து அறிவு 2021இல் எழுதிப் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பாட்டியின் கதையை உலகம் பூராவும் கேட்க வைத்தது. இந்த முறை தாளத்தோடு அரசியலும் கடல் தாண்டியது. 1978இல் இல்லாத காது இப்போது இருக்கிறது.

மனப்போக்கும் மாறித்தான் இருக்கிறது. 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சனி ஞாயிறு பறைப் பயிற்சிக்கு ஐ.டி. கம்பெனி ஆட்கள் வருகிறார்கள், பெண்கள் வருகிறார்கள், எல்லாச் சாதியும் வருகிறது. அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் கல்லூரி விழாவில் கௌரவமான பொருளாகிவிட்டன. ஸ்டீல்பேன் 1951க்கும் 1992க்கும் இடையில் நடந்த பாதையில் பறை வேகமாக நடக்கிறது. அதனால்தான் லாவென்டில் மேட்டை ஞாபகத்தில் வைக்கச் சொன்னேன்.

இசை எப்போதும் நல்ல பக்கமே நிற்கும் என்கிற நம்பிக்கையும் வேண்டாம். ஜமைக்காவின் புஜு பேன்டன் 1992இல் வெளியிட்ட ‘பூம் பை பை’, ஓரினச் சேர்க்கையாளர்களைச் சுடச் சொல்லி ஆட வைத்த பாட்டு. அதே 1992இல் வந்தது ‘தேவர் மகன்’. அதில் வந்த சாதிப் பெருமைப் பாட்டு தென் மாவட்ட ஊர்வலங்களில் என்னவாகப் பயன்பட்டது என்பது நமக்குத் தெரியும். ஒடுக்கப்பட்டவன் கண்டுபிடித்த தாளத்தில் ஏறி அவனுக்குக் கீழே இன்னொருவனை வைத்து அடிக்கவும் முடியும். தாளத்துக்குத் தானாக நெறி கிடையாது.

மார்த்தினீக்கில் பிறந்த ஃபனான் 1961 நூலில் இரண்டு விஷயம் சொல்கிறார். காலனி மக்களின் ஆட்டம் உடம்பில் இறுகிய கோபத்தை வடிய விடும் வாய்க்காலாகவும் ஆகிவிடும் என்பது ஒன்று. கறுப்பர்கள் புதிய பாணி ஜாஸுக்கு நகர்ந்தபோது வெள்ளை ரசிகர்கள்தான் முதலில் வருத்தப்பட்டார்கள், அவர்களுக்கு அழுகிற கறுப்பனின் பழைய குரலே வேண்டியிருந்தது என்பது இன்னொன்று. சேரிப் பையன்கள் பறையை வைத்துவிட்டு பேண்டு செட்டுக்கும் டி.ஜே. பெட்டிக்கும் போகும்போது, “ஐயோ பாரம்பரியம் போச்சே” என்று வருத்தப்படுகிற நம்மவர்களை நினைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படிக்கலாம். அந்தப் பையனுக்குப் பறையை விட்டுப் போக உரிமை இல்லையென்றால், திரும்பி வந்து அடிப்பதும் விருப்பமாக இருக்க முடியாது.

எனவே கரீபியத்திடம் நாம் கற்க வேண்டியது பறைதான் நம் ரெகே என்கிற உவமையை அல்ல. அங்கே மனப்போக்கு மாறிய இடங்களை உற்றுப் பார்த்தால், இழிவாக இருந்த ஒன்றை மேலே இருந்தவர்களும் கையில் எடுத்த பிறகுதான் பேச்சு மாறியிருக்கிறது. அப்படி எடுத்தவர்கள் கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு தெருவை விட்டுவிட்டார்கள் என்பதும் தெரியும். நம் ஊரில் இதற்கு ஒரு எளிய சோதனை போதும். திண்டிவனத்துக் கலை இரவில் அடிக்கும் குழுவில் இருக்கும் சேரிப் பையன், மறுநாள் தன் ஊரில் சாவுக்குக் கூப்பிட்டால் ‘மாட்டேன்’ என்று சொல்லிவிட்டுத் தண்ணிக் குழாயும் ரேஷன் கடையும் வழக்கம்போலக் கிடைக்கிற நிலையில் இருக்கிறானா? இது முதல் பாதி. அதே குழுவில் பயிற்சி எடுத்த ஊர்த்தெருப் பையன், மேடையில் அடித்த அதே பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு சேரியில் விழுந்த சாவுக்கு வந்து, பாடைக்கு முன்னால் நின்று அடிப்பானா? இது இரண்டாவது பாதி.

முதல் பாதிக்குச் சட்டத்தில் ஒரு சொல்லைச் சேர்க்க வைக்கலாம், சங்கம் கட்டலாம், போராடலாம். இரண்டாவது பாதிக்குச் சட்டம் போட முடியாது. இசை மனப்போக்கை மாற்றுகிறது என்று நாம் நம்புவதாக இருந்தால், அதை நிரூபிக்க வேண்டிய இடம் அதுதான்.